படித்துறையில் காய்ந்த ரோஸ் சேலை

எங்கள் குடும்பத்தில் படம் வரைகிறவள் நான்தான். கல்யாணமாகி வந்த முதல் வருஷத்திலிருந்து அப்படித்தான். விசேஷ வீட்டு வாசலில் பெயர்ப்பலகை எழுத வேண்டுமா, பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் தவளையின் இதயம் வரைய வேண்டுமா, எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறேன். சாக்பீஸைப் பலகையிலிருந்து எடுக்காமல் இந்திய வரைபடத்தை ஒரே கோட்டில் போட்டு முடிப்பேன். குஜராத் வளைவு வரும்போது பிள்ளைகள் கைதட்டுவார்கள். வேறு எதிலும் எனக்குப் பெரிய பேர் கிடையாது. சமையல் சுமார். வாய் கொஞ்சம் நீளம். அதனால் இந்த ஒரு பேரை யாரும் தொட்டுவிடாமல் வைத்திருந்தேன்.

நாற்பத்தெட்டு வயதில் ஞாயிற்றுக்கிழமை வாட்டர் கலர் வகுப்பில் சேர்ந்தேன். தென்னூரில் ஒரு வீட்டின் மாடி. அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போய்விடுவேன். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு இருபத்தாறு வயது. எங்கள் எட்டுப் பேரில் ஒருவர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். அவர் உட்பட எல்லோரும் அவளை மேம் என்றுதான் கூப்பிடுவோம்.

மேம் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் படங்களையெல்லாம் தரையில் வரிசையாக வைக்க வேண்டும். பிறகு அவரவருக்குப் பிடித்த படத்தின் எதிரில் போய் நிற்க வேண்டும். சொந்தப் படத்துக்கு எதிரில் நிற்கக் கூடாது. ஏன் நின்றோம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதம் என் படத்தின் எதிரில் மூன்று பேராவது நின்றார்கள். நான் யார் முகத்தையும் பார்க்க மாட்டேன். தலையைக் குனிந்துகொண்டு கால்களை எண்ணுவேன்.

வகுப்பு முடிந்து நான் சாப்பிடப் போவது இரண்டு தெரு தள்ளி இருந்த என் ஓரகத்தி வீட்டுக்கு. என் கொழுந்தனாரின் மனைவி. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஸ்கூட்டியில் என்னைக் கூட்டிப்போக வந்து, வகுப்பு முடியவில்லை என்று ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

“சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, இந்தாங்க” என்று மேம் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தாள்.

“ஐயோ, எனக்கு ஒண்ணும் வராதுங்க. எங்க அக்காதான் நல்லா வரைவாங்க” என்றாள் ஓரகத்தி. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

எதிரில் இருந்த தண்ணீர் கேனை வரைந்தாள். பாதி காலியான, நீலம் மங்கிய, சாதாரணக் கேன். அன்றைக்கு அந்தக் கேனின் எதிரில் ஐந்து ஜோடிக் கால்கள். நான் வரைந்த மலைக்கோட்டையின் எதிரில் ரயில்வேக்காரர் மட்டும். அவரும் பழக்கத்தில் நின்றிருப்பார்.

அடுத்த வாரமே அவள் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷமாக வரைகிறவள் நான். அவளோ பேசிக்கொண்டே வரைவாள், சிரித்துக்கொண்டே வரைவாள், நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் பேசிவிட்டு விட்ட இடத்தில் தொடர்வாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போராடுகிற வானத்தை அவள் இரண்டு இழுப்பில் முடித்துவிடுவாள். வீட்டில் விடிகாலையில் எழுந்து டிகாஷன் இறங்குவதற்குள் ஒரு படம் போட்டுப் பழகினேன். அவள் பிரஷ்ஷை எங்கே பிடிக்கிறாள், தண்ணீரை எத்தனை முறை உதறுகிறாள் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். என் கையும் தேறியது. மேமே சொன்னாள். ஆனால் நான் ஒரு அடி வைத்தால் அவள் நாலு அடி போய்விடுவாள்.

இதெல்லாம் பொறாமை. இவ்வளவோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அவள் சேர்வதற்கு முன்பு நான் ஒரு ரோஸ் நிறம் வாங்கியிருந்தேன். பளீரென்று கண்ணைப் பறிக்கிற ரோஸ். அதில் அரளிப்பூ வரைந்து சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இரண்டு மாதத்தில் இலையெல்லாம் அப்படியே இருக்க, பூ மட்டும் சோகை பிடித்து வெளுத்துப்போனது. மேமிடம் காட்டியபோது அவள் டியூபைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் ஒரே ஒரு சின்ன நட்சத்திரம். “நட்சத்திரம் கம்மியா இருந்தா வெயில் தாங்காதுங்க. இது பழகறதுக்கு மட்டும்தான். பத்திரமா வைக்கிற படத்துக்கு வேண்டாம்” என்றாள். டியூபைக் குப்பையில் போட்டேன்.

ஒருநாள் தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு கடையில் நானும் ஓரகத்தியும் தாள் வாங்கிக்கொண்டிருந்தோம். அவள் அதே ரோஸ் டியூபை எடுத்தாள்.

“அக்கா, இது எப்படி? நல்லாயிருக்கா?”

“நல்லாயிருக்கே. வாங்கிக்கோ.”

டியூபைத் திருப்பினாள். “பின்னாடி என்னமோ ஒத்த ஸ்டார் போட்டிருக்கே?”

“அது கம்பெனிக்காரன் அடையாளம்” என்றேன்.

என்னிடம் இப்படி ஒரு பொய் தயாராக இருந்தது எனக்கே தெரியாது. யோசிக்காமல் வந்தது. அவள் தலையாட்டிவிட்டுக் கூடையில் போட்டுக்கொண்டாள். மேமிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். எதற்குக் கேட்க வேண்டும், அக்காவிடம் கேட்டாகிவிட்டதே.

அந்த மாதக் கடைசியில் மேம் எங்களை அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிப்போனாள். காலை ஏழு மணி. நாங்கள் எட்டுப் பேரும் சொல்லிவைத்த மாதிரி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து, அக்கரையில் தெரிந்த மலைக்கோட்டையை வரைந்தோம். ஓரகத்தி மட்டும் மலைக்கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குளித்துவிட்டு யாரோ ஒரு அம்மா படியில் விரித்துப் போட்டிருந்த ரோஸ் சேலை அவள் கண்ணில் பட்டிருக்கிறது. நனைந்த கல், சேலை, அதன் நான்கு மூலையிலும் பறக்காமல் இருக்க வைத்த பொருள்கள்: ஒரு சொம்பு, ஒரு சோப்பு டப்பா, இரண்டு செருப்பு. அவ்வளவுதான் படம். பார்த்ததும் அந்தச் சேலையைத் தொட்டு ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தோன்றியது.

படியிலேயே படங்களை வரிசையாக வைத்தோம். எல்லாக் கால்களும் அங்கே போய் நின்றன. சேலைக்குச் சொந்தக்காரம்மாகூட வந்து நின்றுவிட்டு, “என் செருப்பையெல்லாம் போட்டிருக்கியேம்மா” என்று சிரித்தார். நானும் அங்கேதான் போய் நின்றேன். வேறு எங்கே நிற்பது? ஏன் நின்றீர்கள் என்று மேம் கேட்டபோது, “ரோஸ் நல்லா வந்திருக்கு” என்றேன். மனதுக்குள், எத்தனை நாளைக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

கொழுந்தனார் அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட உட்காரும் முன் என் கண் அங்கேதான் போகும். அவர்கள் ஹாலோ பட்டப்பகலிலும் டியூப்லைட் எரிகிற ஹால். வெயில் எட்டிப் பார்க்காது. ரோஸ் அப்படியே இருந்தது. குடும்பத்தில் யார் வந்தாலும் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. நாத்தனார் தன் மகள் வளைகாப்புக்குப் பலகை எழுத அவளைக் கூப்பிட்டார். எனக்குப் போன் வரவில்லை. அது தெரிந்த ஞாயிறு, இரண்டாவது முறை சாம்பார் ஊற்ற வந்த ஓரகத்தியிடம் போதும் என்று வெடுக்கென்று சொன்னேன்.

அடுத்த தை மாதம் நாங்கள் திருவானைக்காவலில் ஒரு பிளாட் வாங்கிக் கிரகப்பிரவேசம் செய்தோம். பால் காய்ச்சி முடிந்து எல்லோரும் ஹாலில் இருக்கும்போது ஓரகத்தி பெட்ஷீட்டில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பிரித்தேன். அந்தப் படம்.

“இந்தக் கலரை வாங்கச் சொன்னதே நீங்கதானேக்கா. இது உங்க வீட்டுலதான் இருக்கணும்” என்றாள்.

எனக்கு வாய் எழவில்லை. சந்தோஷத்தில் பேச முடியவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். என் கணவர் அப்போதே ஆணியடித்து மாட்டினார், பால்கனிக்கு நேர் எதிரே. கிழக்குப் பார்த்த பால்கனி. மறுநாள் காலை ஏழரைக்கு வெயில் உள்ளே வந்து, வேறு எதையும் தொடாமல், நேரே அந்தச் சேலையின் மேல் விழுந்தது.

நான் திரைச்சீலை வாங்கினேன். கனமான, பச்சைத் திரைச்சீலை. காலையில் முதல் வேலையாக இழுத்து மூடுவேன். “வெளிச்சமா இருக்குன்னுதானே இந்த வீட்டை வாங்கினோம்? இப்ப இப்படி இருட்டுல உட்கார வெச்சிருக்க?” என்று கணவர் தினமும் கேட்பார். நான் பள்ளிக்கூடம் போனதும் திறந்துவிடுவார். வேறு சுவரில் மாட்டலாம் என்றேன். “அவ பார்த்துப் பார்த்துக் குடுத்தது, உள்ரூம்ல போட்டா நல்லாவா இருக்கும்?” என்றார். காரணத்தைச் சொல்ல என்னால் முடியுமா? வைகாசிக்குள் சேலையின் மேல்பக்கம் ஒரு சுற்று வெளுத்துவிட்டது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அப்போது ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். நான்கு நட்சத்திரம் போட்ட ரோஸ் ஒன்றை வாங்கிவந்து, அந்தப் படத்தின் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்து வரைய ஆரம்பித்தேன். அதே மாதிரி ஒன்று செய்து கண்ணாடிக்குள் மாற்றி வைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம். பதினோரு தாள் கிழித்தேன். சேலை தகரம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அதன் பிறகுதான் பார்த்தேன், சேலையின் ஓரம் நெடுக ஒரு நூல் அகலத்துக்கு அவள் தாளை வெறுமையாக விட்டிருக்கிறாள். வெயில் முழுக்க அந்த இடத்தில்தான் இருந்தது. நானோ வரைபடம் போட்டுப் பழகியவள். எல்லைக்கோடு வரை நிறம் நிரப்பாவிட்டால் பிள்ளைகளின் மார்க்கைக் குறைக்கிறவள். பன்னிரண்டாவது தாளில் கையை அடக்கிக்கொண்டு அந்த நூலை விட்டேன். சேலை படிந்து படுத்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே நல்ல படம் அது. அதிலும் என்னுடையது எதுவும் இல்லை.

மாற்றி வைக்க மனம் வரவில்லை. ஆனால் ஆசை யாரை விட்டது, அடுத்த வகுப்புக்கு எடுத்துப்போய்த் தரையில் வைத்தேன். வெகு நாளைக்குப் பிறகு என் படத்தின் எதிரில் ஏழு ஜோடிக் கால்கள். எட்டாவதாக, வெள்ளிக் கொலுசு போட்ட இரண்டு கால்கள் வந்து நின்றன. ஓரகத்தி.

“என்னோடதைவிட இது நல்லாயிருக்குக்கா” என்றாள். சும்மா சொல்லவில்லை. அவளுக்கு அப்படிச் சொல்ல வராது. கண் பளபளக்க, ஏதோ அவளே வரைந்த மாதிரி சந்தோஷப்பட்டாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் என்னைத் திருவானைக்காவல் வரை ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். மேலே கூப்பிட்டு, காபி கொடுத்து, திரைச்சீலையை விலக்கினேன்.

“இந்த ரோஸ் வெயில் தாங்காது. வெளுத்துட்டு வருது பாரு.”

எட்டிப் பார்த்தாள். “ஆமா. எப்பக்கா தெரிஞ்சுது?”

“கடையிலயே தெரியும். அந்த ஸ்டார் கம்பெனி அடையாளம் இல்ல. தெரிஞ்சேதான் வாங்கச் சொன்னேன். நீ என்னைவிட நல்லா வரையற. எனக்குப் பொறுக்கல.”

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படத்தின் எதிரில் நின்றாள். கத்தட்டும் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்க்கா” என்றாள். அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு, “ஆனா சேலையும் வெளுக்கத்தானே செய்யும்? வெயில்ல காயப்போட்டா வெளுக்காம இருக்குமா?” என்றாள். குரல் மாறிவிட்டது. அந்த வெளுத்த இடத்தை விரலால் காட்டினாள். “இங்க பாருங்களேன், கரெக்டா மடிப்பு மேல வெளுத்திருக்கு. நெஜச் சேலையும் இப்படித்தான்க்கா வெளுக்கும். நீங்க இதை மூடாதீங்க. மாசா மாசம் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.”

ஸ்கூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, போயிட்டு வரேன் என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவள் வகுப்புக்கு வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்து, என் பக்கத்தில் உட்காராமல் ரயில்வேக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பிட மட்டும் கூப்பிட்டாள். போனேன்.

பச்சைத் திரைச்சீலையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். கணவருக்கு வெளிச்சம் கிடைத்துவிட்டது. மாதத்தின் முதல் தேதி காலை ஏழரைக்குப் படத்தின் எதிரில் நின்று போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புகிறேன். இதுவரை ஒன்பது அனுப்பியிருக்கிறேன். போன மாதம் அனுப்பிய ஒன்பதாவது போட்டோவில் சேலை வெள்ளைக்கு வந்துவிட்டது. சொம்பின் அடியில், மடிப்பின் உள்ளே மட்டும் கொஞ்சம் ரோஸ் மிச்சம். ஒன்பதையும் வரிசையாகச் சேர்த்து அவள் மேமுக்குக் காட்டியிருக்கிறாள். அவற்றை மட்டும் ஒரு சுவரில் மாட்டலாம் என்று மேம் சொல்கிறாளாம். அந்த ஒன்பதாவதை அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே ஓரகத்தியிடமிருந்து பதில் வந்திருந்தது: ‘இப்பதான்க்கா படம் முடிஞ்சிருக்கு.’

போனைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். நான் வரைந்த நான்கு நட்சத்திர ரோஸ் சேலை பீரோவுக்குள் பளபளவென்று அப்படியே இருக்கிறது. எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.