லா ஷப்பேலில் கேட்ட ஜப்பானியத் தடுப்பூசிக் கதை

பாரிஸ் போகிறவர்கள் லா ஷப்பேலில் என்ன பார்க்கலாம் என்று கேட்டு இந்த வலைப்பதிவுக்கு அவ்வப்போது எழுதுகிறார்கள். நான் போனது 1987 மார்ச்சில், இருபது நாட்கள். விலையெல்லாம் பழங்கதையாகிவிட்டது. ஆனாலும் நடந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

அப்போது நான் பெரம்பலூர்ப் பக்கம் சுகாதார ஆய்வாளர். தடுப்பு மருந்தை வெயிலில் கெடாமல் கிராமம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று ஆசிய நாட்டு ஊழியர்களுக்குப் பாரிஸில் ஒரு பயிற்சி நடந்தது. எங்கள் மாவட்டத்திலிருந்து போக வேண்டியவருக்குக் கடைசி நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போக, என்னை அனுப்பினார்கள். மார்ச் எட்டாம் தேதி, ஞாயிறு காலை ஏழரைக்குப் போய் இறங்கினேன். அந்தக் குளிருக்கு என் ஸ்வெட்டர் போதவில்லை.

தங்கியது கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய ஓட்டல். பக்கத்து அறையில் டாக்டர் ஹிரானோ, ஜப்பானின் மேற்குக் கடலோரத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். முதல் நாளே என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்: இங்கே நல்ல கறி எங்கே கிடைக்கும்? குழம்பைத்தான் அப்படிச் சொன்னார். உங்களுக்கு எங்கள் ஊர்ச் சாப்பாடு பழக்கமா என்றேன். கறி எங்கள் ஊர்ச் சாப்பாடுதானே, இங்கிலாந்துக்காரர்களிடமிருந்து வந்தது என்றார். மேல்நாட்டுக் கப்பல்களுக்குத் துறைமுகம் திறந்தபிறகு ரயில், தந்தி, கோட்டு, காலணியோடு கறியும் வந்து சேர்ந்ததாம். நம்முடைய குழம்பு லண்டனைச் சுற்றிக்கொண்டு டோக்கியோ போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ரோஷமும் வந்தது. அசல் குழம்பு காட்டுகிறேன் வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஓட்டலிலிருந்து ரூ காய் என்ற தெரு ஏழு நிமிட நடை. மெட்ரோவில் வருகிறவர்கள் இரண்டாம் தடத்தில் லா ஷப்பேல் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கே ரயில் தெருவுக்கு மேலே, இரும்புத் தூண்கள்மேல் ஓடும். அந்தத் தெருவில் அப்போது தமிழ்க் கடைகள் கொஞ்சம்தான். ஒரு மளிகைக் கடையின் பின்பாதியில் ஐந்து மேசை போட்டு மெற்றில்டா என்ற மன்னார்ப் பெண் சாப்பாடு போட்டார். சோறும் மீன் குழம்பும் பருப்பும் இருபத்தைந்து பிராங்க். கணவர் அந்தோனி முன்பக்கம் கடையைப் பார்த்துக்கொள்வார். பத்து மாதக் குழந்தை சோபியா தள்ளுவண்டியில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருப்பாள். ஹிரானோ கண்ணில் நீர் வழிய இரண்டு தட்டு சாப்பிட்டார். அன்றிலிருந்து தினமும் மாலை ஆறரைக்கு அங்கேதான்.

அடுத்த வாரம் பதினேழாம் தேதி, செவ்வாய். நாங்கள் நுழைந்தபோது மெற்றில்டாவின் முகம் சரியில்லை. புறநகரான லா கூர்னெவில் இருக்கும் அவருடைய அண்ணன் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்ததாம். அண்ணன் மகளுக்கு லேசான காய்ச்சலும் இருமலும். நாள் முழுக்க சோபியாவை மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறாள். இன்று அந்த அண்ணன் மகளுக்கு உடம்பெல்லாம் சின்னமுத்து. நம் ஊரில் தட்டம்மை என்கிறோமே, அதுதான்.

சோபியாவுக்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் விரல் விட்டு எண்ணினேன். தொற்றியதிலிருந்து மூன்று நாளைக்குள் தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் நோயை முந்திவிடலாம். நாளைக் காலை வரை நேரம் இருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் சமையலறைக்குள் போய்விட்டார். அந்தோனிதான் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். மன்னாரில் அவர்களுடைய மூத்த மகனுக்கு ஏதோ ஊசி போட்டார்கள், அன்றே காய்ச்சல், மூன்றாம் நாள் பிள்ளை இல்லை. அதற்குப்பிறகு ஊசி என்ற பேச்சையே மெற்றில்டா எடுக்க விடுவதில்லை.

அந்தச் சாவுக்கு ஊசி காரணமாக இருந்திருக்காது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அதையே எத்தனை வீட்டுத் திண்ணையில் சொல்லியிருப்பேன்! ஒருவரும் நம்பியதில்லை.

என்ன பேசினோம் என்று ஹிரானோ கேட்டார். சொன்னேன். மெற்றில்டா குழம்புச் சட்டியோடு திரும்பி வந்ததும், என் குடும்பத்துக் கதை ஒன்று சொல்லலாமா என்று கேட்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

ஜப்பானில் ரயில் வருவதற்கு இருபது வருடம் முன்பு, பெரியம்மை ஊர் ஊராகப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலம். மேல்நாட்டுக் கப்பல்களில் டச்சுக்காரர் கப்பலுக்கு மட்டும், அதுவும் நாகசாகியில் மட்டும் அனுமதி. அந்தக் கப்பலில்தான் அம்மைப்பால், அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்து, வந்தது. பல தடவை வழியிலேயே வீரியம் போய், கடைசியில் காய்ந்த பொருக்காக வந்தது பிடித்துக்கொண்டது. ஆனால் அதைச் சேமித்து வைக்க ஐஸ் பெட்டி ஏது? மனிதக் கைதான் பெட்டி. ஒரு பிள்ளையின் கையில் குத்தி, ஏழாம் நாள் அங்கே எழும்பும் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்த வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போச்சு. ஹிரானோவின் ஊர் மலைக்கு அப்பால். கொட்டும் பனியில், அம்மை குத்திய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வைத்தியர் மலை ஏறினார்.

 இந்த வேலையில் பத்தொன்பது வருடம் இருந்தவன், இதைக் கேட்டதே இல்லை. மருந்தைக் குளிராக வைத்திருப்பது எப்படி என்று படிக்க வந்த எனக்கு, அதை உயிருள்ள உடம்பில் நடத்தியே கொண்டுபோனார்கள் என்ற செய்தி!

மெற்றில்டா வைத்தியரைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்தப் பிள்ளையளின்ரை தாய்தகப்பன் எங்கை? கூடப் போனவையோ எண்டு கேளுங்கோ அண்ணை."

போனார்கள் என்றார் ஹிரானோ. ஐந்து வயதுப் பெண் ஒருத்தியை அவள் அப்பா முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார், அம்மா பின்னால் நடந்தாள். கொப்புளம் உரசிவிடாமல் அந்தக் கையை மட்டும் வழியெல்லாம் பிடித்துக்கொண்டே வந்தாளாம். அந்தப் பெண் ஹிரானோவின் தாத்தாவைப் பெற்றவள். பிற்பாடு ரயிலிலும் ஏறினாள், மின்விளக்கையும் பார்த்தாள். எதைப் பார்த்தும் அவள் அதிசயப்பட்டதில்லை என்று வீட்டில் சொல்வார்களாம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெரியம்மை ஒழிப்பின்போது நானும் ஒரு கையைப் பிடித்தவன்தான். ஒளிந்திருந்த பெண்களைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க, குத்தினோம். நோய் ஒழிந்தது, பெருமைதான். ஆனால் அந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை.

மெற்றில்டா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஊசி போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்: எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் வாக்கில் காய்ச்சல் வரலாம், தடிப்பும் கொஞ்சம் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும்.

"விடிய வாறன். ஆனா வேறை ஒருத்தரும் அவளைப் பிடிக்கக்கூடாது. நான்தான் பிடிப்பன்."

புதன் காலை ஒன்பதரை மணி. தாய் சேய் நல நிலையம் பத்து நிமிட நடை. பே-எம்-இ என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள், ஊசி இலவசம். வகுப்புக்கு அரை நாள் மட்டம் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் கூடப் போனோம். தாதி குழந்தையின் காலைப் பிடிக்க வந்ததும் மெற்றில்டா "நோன்" என்று ஒரே சொல்லில் நிறுத்திவிட்டுத் தானே பிடித்தார். சோபியா இரண்டு நிமிடம் அழுதாள். அம்மா அழவில்லை.

அடுத்த வாரம் வியாழன், இருபத்தாறாம் தேதி மாலை நானும் ஹிரானோவும் போனால் கடை பூட்டியிருந்தது. மாடியில்தான் வீடு. நான்கு மாடி ஏறினோம். சோபியாவுக்குக் காய்ச்சல், கழுத்தில் சிவப்புத் தடிப்பு. ஊசியின் காய்ச்சலும் அன்றுதான் வர வேண்டும்; அண்ணன் மகளிடமிருந்து நோய் தொற்றியிருந்தால் அதுவும் அன்றுதான் வர வேண்டும். எது என்று எனக்குத் தெரியவில்லை. ஹிரானோ அந்தோனியிடம் ஒரு சின்ன டார்ச்சை வாங்கிக் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தார். தட்டம்மை என்றால் அங்கே உப்புக்கல் போல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். ஒன்றும் இல்லை. இருமல் இல்லை. கண் சிவக்கவில்லை. ஊசிதான் என்று நினைக்கிறேன், நாளைக்கு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றார்.

பயமாக இருக்கிறதா என்று மெற்றில்டாவிடம் கேட்டேன்.

"பயம்தான். ஆனா காய்ச்சல் வரும் எண்டு நீங்கள் முதலே சொன்னனீங்கள். அங்கை எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

வெள்ளிக்கிழமை மாலை கடை திறந்திருந்தது. சோபியா தள்ளுவண்டியில் உட்கார்ந்து பருப்புச் சோற்றை மூஞ்சியெல்லாம் அப்பிக்கொண்டிருந்தாள். ஹிரானோ அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மெற்றில்டாவைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். அவ்வளவு படித்த மனிதர், ஈரக் கையோடு நின்ற அந்தப் பெண்ணை வணங்கி அப்படியே சில நொடி நின்றார். மறுநாள் எனக்கு விமானம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கார் து நோரில் இறங்கினால் லா ஷப்பேலுக்கு டாக்சி வேண்டாம், நடந்தே போகலாம். மதியம் பன்னிரண்டரைக்கு மேல் இடம் கிடைப்பது கஷ்டம். ஜப்பானிய ஓவியக் கண்காட்சி ஏதாவது நடந்தால் விடாதீர்கள்; லா ஷப்பேலிலிருந்து பதினோராவது நிறுத்தம் எத்துவால், அங்கே ஆறாம் தடத்துக்கு மாறி மூன்று நிறுத்தம் போனால் த்ரொகாதெரோ, அந்தப் பக்கம் விசாரியுங்கள். குழந்தையோடு போகிறவர்கள் தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பி இன்னும் பதினேழு வருடம் அதே வேலையில் இருந்தேன். ஊசியை எடுப்பதற்கு முன்னால் எந்த நாள் என்ன வரும் என்று தாயிடம் சொல்லிவிட்டு, குழந்தையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா என்பேன். என் வரிசை மட்டும் எப்போதும் மெதுவாகத்தான் நகரும். மேலதிகாரிகள் கடிந்துகொண்டார்கள். ஆனால் அந்த வருடங்களில் என்னைக் கண்டு ஒருவரும் கதவைச் சாத்தவில்லை.