குளிசை குடிப்பீங்களா?

ஓ.எல். பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். மருந்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? ஒன்றுமில்லை. வாரா வாரம் என்னைச் சகித்துக்கொள்பவர்கள் இந்த வாரமும் மன்னித்துவிடுங்கள்.

மதுரங்குளியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் என் நானா. கூடப்பிறந்த மூத்தவர். வேன் சாரதிகளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை என்று போன வாரம் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கும் அன்று கிளினிக். சேர்ந்தே போனோம்.

போத்தலை நீட்டிய நர்ஸ் மிஸ் கேட்டார்: "குளிசை குடிப்பீங்களா?"

நானாவுக்கு முகம் கறுத்துப்போனது. "அல்லாஹ் காக்கணும். எனக்கு அந்தப் பழக்கம் ஒண்டும் இல்ல மிஸ்."

அவரைக் குறை சொல்ல முடியுமா? முன்பெல்லாம் குளிசை என்றால் காய்ச்சல், தலைவலிக்கு மாத்திரை. இப்போது அது போதை; சந்தியில் ஒருவனை 'குளிசைக்காரன்' என்றால்... அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் டொக்டர் கூப்பிட்டார். "ஐஸ் மாதிரிக் காட்டுதே."

"ஐஸா? மீன் லொறிய உட்டு எவ்வளவு காலம் டொக்டர்."

டொக்டர் சொன்னது ஐஸ் என்கிற போதைப்பொருளை. யாரும் சிரிக்கவில்லை. நானாவும் பகிடிக்குச் சொல்லவில்லை.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்று திறந்தேன். "கேஸ்ட்ரிக்குக்கு இவர் எந்த நாளும் மருந்து குடிக்கிற டொக்டர்." நானாவின் சட்டைப் பையிலிருந்த மருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

டொக்டர் திருப்பிப் பார்த்தார். "ஓம், இதுவும் சில நேரம் அப்படிக் காட்டும். முதல்ல மிஸ் கேட்டப்ப இல்ல எண்டு சொன்னீங்களே?"

"குளிசை எண்டுதானே கேட்டீங்க," என்றார் நானா மெதுவாக. "மருந்தக் கேக்கல்லியே."

மாதிரி கொழும்புக்குப் போகிறது. சரியான முடிவு வரும்வரை வேன் ஓட்டக் கூடாது.

திரும்பி வரும்போது சந்தியில் ஒருவர் கேட்டார்: "என்ன நானா, ஐஸ் கரைஞ்சிட்டா?" கேலிதான். ஆனால் அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்த வேனில்தான் போகிறார்கள்.

அந்தச் சோதனைக்கு ஆளைத் தெரியாது – ஏதோ ஒன்று போலிருந்தால் 'இருக்கு' என்று காட்டிவிடும். சந்திக்கு ஆளைத் தெரியும். அதுவும் அதையேதான் செய்கிறது. என்ன செய்ய... நீங்கள் சோதனைக்குப் போனால், இருமல் பாணி மருந்து வரைக்கும் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுநாள் வேனை வேறு ஆள் ஓட்டினார். நானா குளிசை குடிக்கவில்லை. வயிறு எரிகிறது என்று படுத்திருந்தார்.