கீரையல்லாத பொன்னாங்கண்ணி

“இது கீரையா? இத வாயில வைக்கிறவன் மனுசனா இருக்க மாட்டான் மேடம், ஆடாத்தான் இருப்பான்.”

செம்பூர் அடுக்குமாடி சொசைட்டியின் பொதுக்கூட்டத்தில் மூன்றாம் மாடி நயினார் நெஞ்சை நிமிர்த்திச் செய்த இப்பிரகடனம் கைதட்டலுடன் ஏற்கப்பட்டது.

விவகாரம் இதுதான். வீட்டு வாசல்களை ஒட்டிய பாசேஜில் அழகுச் செடி வைக்கலாம். கீரை, காய்கறி கூடாது. இன்று ஒருவர் கீரை போட்டால் நாளை இன்னொருவர் எருமை கட்டுவார் என்பது செக்ரட்டரி பாகீரதியின் தொலைநோக்கு. நயினாருக்குத் தாராவியில் பை தைக்கும் பட்டறை. நாளெல்லாம் ரெக்சினைப் பார்த்த கண்ணுக்கு ஒரே ஆறுதல், வாசலில் பெயின்ட் டப்பாக்களில் அவர் குச்சி ஒடித்து நட்ட சிவப்புப் பொன்னாங்கண்ணி. வாரம் இருமுறை அது கூட்டாகவும் உதவியது. செடியைக் காப்பாற்ற அவர் அதன் ஜாதியையே மாற்றிச் சொல்லிவிட்டார்.

“அப்ப இத்தன நாளும் நாம என்னத்தத் தின்னோம்?” என்றாள் மனைவி ஆறுமுகத்தாய்.

“சத்தமாப் பேசாத. இனிமே கூட்டு கிடையாது. அந்தம்மா வாசனைய வச்சே கண்டுபிடிச்சிரும். கிள்ளுனா தூரப் போட்டுருவோம்.”

“கீரையக் குப்பையில போடுததா? கிள்ளுனா ஆக்கணும். இல்லன்னா கிள்ளப்பிடாது.”

இவ்வாறு பொன்னாங்கண்ணி முழுநேர அழகுப் பொருளாயிற்று. கிள்ளக் கிள்ளத்தான் அது அடர்ந்து கிளைக்கும் என்பது நயினாருக்குத் தெரியும். சொசைட்டி விதிக்குத் தெரியாது. தண்டுகள் நெட்டையாக ஓடி, அடி மொட்டையாகி, பாசேஜில் படுத்துக்கொண்டன. பொறுக்கமாட்டாமல் ஒரு காலையில் கத்தரிக்கோலுடன் குனிந்தார். எதிர்வீட்டு சஃபீனா கதவைத் திறந்தாள்.

“என்ன அண்ணாச்சி, இன்னிக்குக் கூட்டா, பொரியலா?”

“சும்மா தூசி தட்டுதேன்,” என்றார் நயினார், கத்தரிக்கோலால் தட்டியபடி.

மழைக்காலம் முடிந்ததும் பாகீரதி வந்து பார்த்தார்.

“அழகுச் செடின்னு சொன்னேளே நயினார். அழகு எங்கே?”

“வரும் மேடம்.”

“வந்தப்புறம் வைச்சுக்கோங்கோ. ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துடுங்கோ, இல்லேன்னா வாட்ச்மேன் எடுத்துடுவான்.”

அழகில்லை என்றால் விதிப்படி இடமில்லை. கீரை என்று ஒப்புக்கொண்டாலும் விதிப்படி இடமில்லை. நயினார் ரயிலில் போகும்போது ஒன்றையும் திரும்பும்போது மற்றதையும் யோசித்தார். தாராவியோடு இறங்காமல் தாதருக்கு அந்தப் பக்கம் போயிருந்தாலும் மூன்றாவதாக எதுவும் தோன்றியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினான். நயினார் சுவரோரம் நின்று பார்த்தார். கடைசி டப்பாவைத் தூக்கும்போது, “ருக்கோ,” என்று நிறுத்தினார். நுனிகளை மட்டும் ஒடித்துத் துண்டில் சேர்த்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆறுமுகத்தாய் துண்டை வாங்கிக் கீரையை ஆய்ந்தாள். பாசிப்பருப்பு வேகவைத்து, தேங்காய் அரைத்துவிட்டாள்.

“முத்திப்போச்சு. கொஞ்சம் நாரா இருக்கும்,” என்றாள்.

நயினார் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். முடித்ததும் தட்டை மறுபடியும் நீட்டினார்.