நெடிலுக்கு எவ்வளவு டாலரன்ஸ்?

பனியன் கம்பெனிகளில் இங்கிலீஷ் உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று நீங்கள் கேட்கலாம். நீங்களும் அதில் மாட்டியவர் என்றால் கேட்கமாட்டீர்கள், தலையில்தான் அடித்துக்கொள்வீர்கள்.

ஃபேக்ஸ் போய் இ-மெயில் வந்த புதிது. பத்து நாளில் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வருகிறார், அதற்குள் ஆட்களைப் பேசவைக்கணும் என்று வீரபாண்டிப் பக்கத்து முதலாளி ஒருவர் என்னைக் கூட்டிப்போனார்.

இழுத்தால் மரியாதை

தமிழில் குறில் நெடில் தெரியாதவரா முதலாளி? ஆனால் இங்கிலீஷ் என்று வந்துவிட்டால் எல்லாம் நெடில்தான். 'ஃபிட்' என்று நான் சொன்னால் 'ஃபீட்' என்பார். மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தினேன். நான்காம் நாள்தான் காரணத்தைச் சொன்னார், அதுவும் எனக்குப் பாடம் எடுக்கிற தோரணையில்.

"பெரிய மனுசங்ககிட்ட வெடுக்குனு பேசுனா நல்லாவாங்க இருக்கும்? கொஞ்சம் இழுத்தாத்தானுங்க மரியாதை."

டேப்போடு வந்தவர்

வகுப்பு நடந்தது கட்டிங் டேபிளைச் சுற்றி. கழுத்தில் டேப்போடு கட்டிங் மாஸ்டர் ஒரு மணி நேரம் அசையாமல் கேட்டார். அடடா, ஒருத்தராவது கவனிக்கிறாரே என்று மடையன் நான் பூரித்துப்போனேன். முடிந்ததும் கை தூக்கினார்.

"டீ-சர்ட் நீளத்துல அரை இஞ்சு முன்னப்பின்ன இருந்தாலும் பாஸுங்க. இதுக்கு எவ்வளவுங்க டாலரன்ஸ்?"

அக்கா மகனும் ஜெசிந்தாவும்

முதலாளியின் அக்கா மகன் ஊட்டியில் கான்வென்ட் படிப்பு. நெடில் நெடிலாக, குறில் குறிலாக விழும். துணியைப் பற்றித்தான் ஒரு எழவும் தெரியாது. ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங்கில் நின்று நின்று, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆனவள். ஆர்டரின் தலையும் வாலும் அவளுக்கு அத்துப்படி. வாயைத் திறந்தால் எல்லாம் குறில்.

இருவரில் யார் நன்றாகப் பேசுகிறார்களோ அவருக்குத்தான் பையரைக் கவனிக்கும் வேலை, மற்றவர் செக்கிங்குக்கு என்று முதலாளி அறிவித்தார். மருமகனைச் செக்கிங்குக்கு அனுப்புவாராக்கும்! அன்று ஜெசிந்தா மட்டும் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள்.

"நாலு வருசம் நின்னு காலு வீங்கிப்போச்சு சார். திரும்ப அங்க நிக்க என்னால முடியாது."

பையர் வந்த நாள்

மூன்று வாரத்தில் சரக்கு கப்பல் ஏறுமா என்று பையர் கேட்டார். அக்கா மகன் அழகாக, அட்சர சுத்தமாக, ஏறும் என்றான். துணி இன்னும் சாயத்துக்கே போகவில்லை! முதலாளி பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற ஜெசிந்தா முன்னால் வந்து, ஐந்து வாரம் ஆகும், மூன்று என்றால் பொய் என்று உடைந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். அதில் ஒரு நெடில்கூட நீளவில்லை. முதலாளி முகம் கறுத்தது. இவளே போய்ச் செக்கிங்கில் நின்றுகொண்டாளே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பையர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். இங்கிலீஷில் அவர் சொன்னதன் அர்த்தம் இதுதான்: "இனிமேல் எனக்கு இந்தப் பெண் பதில் சொன்னால் போதும்."

நற்சான்று

ஜெசிந்தா மெர்ச்சண்டைசராகவே இருந்தாள். துணி பழகட்டும் என்று அக்கா மகனைச் செக்கிங்கில் நிறுத்தினார்கள். முதலாளி பக்கத்துக் கம்பெனிக்காரரிடம் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "பேசவே தெரியாத புள்ளைங்க. சார் பத்தே நாள்ல பேச வெச்சுப்போட்டாருங்க."

என்னால் ஒரு நெடிலைக்கூட நீட்டவைக்க முடியாத பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் அடுத்த நான்கு கம்பெனிகளில் நெடில் நடத்தினேன்.