214-ஆம் அறையின் வில்லை

நம்ப முடியாதவர்கள் இதை இப்போதே மூடி வைத்துவிடலாம். எனக்கும் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஜெர்மனியின் எல்பே நதியில் போகும் உல்லாசக் கப்பலில் வரவேற்பு மேசை என்னுடையது. அப்போது சேர்ந்து பதினோரு நாள். அரண்மனை, தோட்டம் பார்க்க இறங்கும் பயணிகள், ஆளுக்கொன்றாகத் தங்கள் அறை எண் போட்ட பித்தளை வில்லையைப் பலகையிலிருந்து எடுத்துப் போவார்கள். திரும்பியதும் மாட்டுவார்கள். பலகை நிறைந்தால் கப்பல் கிளம்பும்.

மாலை 5.26. நல்ல வெயில். பலகை நிறைந்திருந்தது. கேப்டனிடம் சொல்லப் போனை எடுத்தேன்.

டக்.

214-ஆம் வில்லை தரையில் கிடந்தது. ஒரே ஈரம்... துடைத்து மாட்டினேன்.

டக்.

மறுபடியும் அதே வில்லை.

எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே பச்சைக் கோட்டு போட்ட ஓர் அம்மாள். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு காலில் மட்டும் ஷூ...

"214 ஃபோல்க்மார் இன்னும் ஏறலம்மா."

"அவர் வில்லை இருக்கே, மேடம்."

"வில்லைதான் இருக்கு. ஆள் தோட்டத்துல கிடக்கார். பூச்செடிக் கண்ணாடி வீட்டுக்குப் பின்னாடி. விட்டுட்டுப் போயிடாதீங்க..."

துண்டு எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

போன் அலறியது. கேப்டன்.

"என்ன அனெட், கிளம்பலாமா? இல்ல, அரண்மனைல ராணியா குடியேறிட்டியா?"

"ஒரு ஆள் குறையுது சார். நில்லுங்க!"

ஓடினேன். 5.34. அவள் சொன்ன இடத்தில் அந்த முதியவர் சரளைக்கல்லில் விழுந்து கிடந்தார். மூச்சு இருந்தது.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன்.

"பச்சைக் கோட்டு போட்ட ஒரு அம்மாதான் நீங்க இருக்கற இடத்தைச் சொன்னாங்க. உங்க மனைவியா?" என்றேன்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி, இதே தோட்டம். என் மனைவி இர்மெலா பூ பாத்துட்டு நின்னா. பின்னாலயே வந்துடுவான்னு, ரெண்டு வில்லையையும் நானே வாங்கி வந்து மாட்டிட்டேன். அறைல கண்ணசந்துட்டேன். கப்பல் கிளம்பிடுச்சு. மறுநாள் ஆத்துல எடுத்தாங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தத் தடவை என் வில்லையை எடுக்காமலேதான் இறங்கினேன். எனக்காக யாரும் நிக்க வேணாம்னு தோணுச்சு."

அழுதார். நானும் அழுதேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒத்தை ஷூதானே போட்டிருந்தா?"

அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை...

"இன்னொண்ணு படகுத்துறையில கிடந்துச்சும்மா. கப்பல் பின்னாலயே ஓடி வந்திருக்கா."