குளோட்டைக் கவனித்த இரண்டு வாரம்

பத்திநாதருக்கு மூன்று மொழிகளில் திட்டு வாங்கிய அனுபவம் உண்டு. பாராட்டு வாங்கிய அனுபவம் எந்த மொழியிலும் அவ்வளவாக இல்லை.

இலங்கையில் மன்னார் பக்கம் பேசாலை என்ற மீன்பிடிக் கிராமத்தில் பிறந்தவர். கனடாவில் மொன்றியலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி இறக்கினார். அங்கே ஒலிபெருக்கியில் ஒருவனுடைய பெயரைக் கூப்பிட்டால் ஏதோ உடைந்துவிட்டது என்று அர்த்தம். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு, தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கண்காணிப்பாளர் வேலை கிடைத்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மட்டும் படிக்கிற பள்ளி. நடைகூடத்தில் நிற்பது, ஓடுகிறவர்களை நடக்கச் சொல்வது, சண்டை பிடிப்பவர்களைப் பிரித்துவிடுவது, இதுதான் வேலை. பிள்ளைகள் அவரை ‘மிஸ்யூ பத்தி’ என்பார்கள்.

ஆறு வருடமாகியும் அந்தப் பள்ளி ஊழியர்களில் பாதிப் பேரை அவருக்குத் தெரியாது. ஆசிரியர்கள் மேல்மாடியில் சாப்பிடுவார்கள். கண்காணிப்பாளர்கள், துப்புரவு செய்பவர்கள், அலுவலகத்துப் பெண்கள் எல்லாரும் நிலக்கீழ் அறையில். ஒருவரை ஒருவர் படியில் சந்தித்தால் ‘போன்ஜூர்’, அதோடு சரி.

அந்த வருடம் புதிதாக வந்த தலைமையாசிரியை மதாம் பெல்ரோசுக்கு இது பிடிக்கவில்லை. பெப்ரவரி மாதம், குளிரிலும் இருட்டிலும் எல்லாரும் களைத்துப்போயிருந்த நேரம், பள்ளி ஊழியர்கள் அத்தனை பேரையும் நூலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு விளையாட்டை விளக்கத் தொடங்கினார். அவர் தொடங்கி இரண்டு வசனம் சொல்வதற்குள் வீட்டுக்குப் போகாமல் மேலே நின்ற ஒரு பையன் இன்னொருவனுடைய பைக்குள் பனியை அள்ளிப் போட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. பத்திநாதர் ஓடினார். திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒரு தொப்பிக்குள் கடைசிச் சீட்டு ஒன்று மிஞ்சியிருந்தது. எடுத்துப் பார்த்தார். ‘குளோட்’ என்று எழுதியிருந்தது.

இது என்ன சீட்டு என்று கேட்க ஸ்நேகாதான் அகப்பட்டாள். விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்கிற கோயம்புத்தூர்ப் பெண். பள்ளியில் தமிழ் பேசுகிற இன்னொரு ஆள் அவள் மட்டும்தான். அப்போது ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, இதென்ன விளையாட்டு?”

“சிம்பிள் அங்கிள். சீட்டுல யார் பேர் இருக்கோ அவங்கள ரெண்டு வாரம் நல்லா கவனிக்கணும். அவங்களுக்குத் தெரியக்கூடாது. கடைசி நாள் எல்லார் முன்னாடியும் சொல்லணும். டேகேர் மூடிடுவாங்க, பொண்ணு காத்துட்டிருப்பா, வர்றேன்!”

போய்விட்டாள்.

நல்லாகக் கவனிக்க வேண்டும். இதில் பத்திநாதருக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிப்பது, மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிப்பது, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைக் கவனிப்பது. பேசாலையில் அவர் வளர்ந்த வீட்டில் இதைத் தவிர வேறு என்ன நடந்தது? அவரைக் குழப்பியது வேறு விஷயம். பள்ளியில் குளோட் என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கணித ஆசிரியர் குளோட் லவுவா, நெட்டையான, பேசாத மனிதர். மற்றவர் நூலகத்தில் இருக்கிற குளோட், ஐம்பது வயது தாண்டிய பெண். அந்த ஊரில் குளோட் என்ற பெயர் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள்.

யாரிடமும் கேட்கக்கூடாது, இரகசியம். ஒரு நாள் முழுக்க யோசித்தார். ஒரு பெண்ணுக்குப் பின்னால் போய் இரகசியமாக இதைச் செய்து அதைச் செய்து, நாளைக்கு யாராவது ஏதாவது கதைத்தால்? ஆணாகத்தான் இருக்கும், ஆணாக இருந்தால்தான் நல்லது என்று முடிவு செய்தார்.

வீட்டில் மனைவி திரேசாவிடம், பள்ளியில் ஒருவருக்குக் கொடுக்க மீன் வைத்துச் சுருட்டிய றோல்ஸ் பொரித்துத் தரச் சொன்னார்.

“ஆருக்கு?”

“குளோட் எண்டு ஒராள்.”

திரேசா மாவைக் குழைத்த கையோடு திரும்பினார். “எங்கட கோயில்ல பியானோ வாசிக்கிற குளோட் பொம்பிளையெல்லோ?”

“இது ஆம்பிளை.”

“ஆம்பிளைக்கு ஏன் நீங்கள் இரகசியமாய்க் குடுக்கிறியள்?”

“அது விளையாட்டு.”

“உங்கட வயசுக்கு என்ன விளையாட்டப்பா?”

என்றாலும் திரேசா பொரித்துக் கொடுத்தார், கொஞ்சம் கூடுதலாக மிளகாய்த்தூள் போட்டு.

மறுநாள் காலையிலேயே போய், மேல்மாடியில் ஆசிரியர்களின் பெயர் ஒட்டிய அலுமாரித் தட்டுகளில் லவுவாவின் தட்டில் றோல்ஸ் பெட்டியை வைத்தார். பனி பெய்த நாட்களில் வாகனத் தரிப்பிடத்தில் லவுவாவின் சாம்பல் நிறக் காரைத் தேடிப் பிடித்துப் பனியைத் தட்டிவிட்டார். முதுகு வலித்தது. ஆனாலும் ஒரு சந்தோஷம் இருந்தது. லவுவாவின் வகுப்பு நேரம் நடையில் சத்தம் வராமல் காவல் நின்றார். ஒருநாள் வெதுவெதுப்பான காலுறை ஒரு சோடி. இன்னொரு நாள் மறுபடியும் றோல்ஸ்.

இதற்கிடையில் அவருக்குப் புரியாத இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. எங்கே திரும்பினாலும் ஸ்நேகா நின்றாள். அவர் நடையில் பிள்ளைகளோடு கதைத்தால் தூண் பக்கத்தில் நிற்கிறாள். கார்ப் பக்கம் போனால் ஜன்னலில் நிற்கிறாள். பார்த்தால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறாள். இந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது, ஏதாவது உதவி கேட்க வெட்கப்படுகிறாளோ என்று நினைத்து ஒருநாள், “என்ன பிள்ளை, வீட்டில பிரச்சினை ஏதும்?” என்று கேட்டார்.

“ஐயோ, இல்ல அங்கிள்!” என்று அவள் ஓடினாள். அவருக்குக் குழப்பம் கூடியது.

இரண்டாவது வாரம் புதன்கிழமை பின்னேரம் பெரும்பனி. லவுவாவின் கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் செருமல் கேட்டது. லவுவா நின்றார். கையில் றோல்ஸ் பெட்டி.

“இதுவும் நீங்கள்தானா?”

பத்திநாதர் தூரிகையைக் கீழே இறக்கினார்.

“என் வகுப்பில் உங்கள் சொந்தக்காரப் பிள்ளை யாராவது படிக்கிறதா?” லவுவாவின் பிரெஞ்சு மெதுவாகவும் தெளிவாகவும் இருந்தது, மக்குப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்வது போல.

“இல்லை.”

“என்னால் உங்களுக்கு ஏதாவது ஆகவேண்டுமா?”

“இல்லை, மிஸ்யூ.”

“அப்படியானால் ஏன்?”

“சொல்லக்கூடாது” என்றார் பத்திநாதர்.

சொன்ன கையோடு அது எவ்வளவு மோசமாகக் கேட்டிருக்கும் என்று அவருக்கே விளங்கியது. லவுவா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு காருக்குள் ஏறி, பாதி சுரண்டிய கண்ணாடியோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு பத்திநாதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விருந்தாளியைக் கவனித்து விருந்தாளியே கோபித்துக்கொண்டு போனதை அவர் கேள்விப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு எல்லாரும் நூலகத்தில் கூடினார்கள். நூலகத்துக் குளோட் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார். கேக் இருந்தது, கோப்பி இருந்தது. மதாம் பெல்ரோஸ் முதலில் எழுந்து, தன் சீட்டில் இருந்த துப்புரவுத் தொழிலாளியைப் பற்றிப் பேசினார். அழுகிற பிள்ளை எந்தக் கழிவறையில் ஒளிந்திருக்கிறது என்று அவருக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது, இரண்டு வாரத்தில் மூன்று தரம் பார்த்தேன் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்தவர் எழுந்து, நான் பார்த்தேன் என்றார். அதற்கடுத்தவரும், நான் பார்த்தேன்.

பத்திநாதர் ஒவ்வொருவர் சொன்னதையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒருவராவது சாப்பாடு கொடுத்ததாகச் சொல்லவில்லை. ஒருவராவது பனி தட்டவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார்கள்.

பிறகு உடற்பயிற்சி ஆசிரியை எழுந்தார். “என் சீட்டில் குளோட் எல். மிஸ்யூ லவுவா. வியாழக்கிழமைகளில் மற்றவர்கள் போன பிறகு நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதே கணக்கை ஏழாவது தரமும் சொல்லிக்கொடுக்கிறார். குரல் உயர்வதே இல்லை.”

பத்திநாதர் தன் சீட்டைப் பார்த்தார். அதில் வெறும் ‘குளோட்’தான், ‘எல்’ இல்லை. லவுவா எப்படி இவரிடம் போனார்?

யோசித்து முடிப்பதற்குள் ஸ்நேகா எழுந்தாள். “என் சீட்டில் மிஸ்யூ பத்தி” என்று பிரெஞ்சில் தொடங்கி, கொஞ்சம் தடுமாறினாள். “உண்மையைச் சொன்னால், அவரை எனக்குப் புரியவில்லை. அவருக்குக் கார் கிடையாது, பஸ்ஸில் வருகிறார். ஆனால் யாருடைய காரிலோ பனி தட்டுகிறார். தினமும் மேல்மாடிக்குப் போய்வருகிறார். ஏன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பிள்ளைகளை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், எல்லாரையும்.”

சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து வந்தன. பாராட்டா, கேலியா? அவர் எழுந்து தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். நூலகத்துக் குளோட். கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இருந்தார்.

“குளோட்டின் சீட்டு யாரிடம்?” என்று மதாம் பெல்ரோஸ் கேட்டார்.

ஒருவரும் அசையவில்லை. அப்போதுதான் பத்திநாதருக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விளங்கியது. எழுந்தார். தன் உடைந்த பிரெஞ்சில் சொன்னார்:

“என்னிடம். நான் பிழையான குளோட்டைக் கவனித்துவிட்டேன். பார்க்க வேண்டும் என்று தெரியாது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.”

லவுவா எழுந்து நின்றார். “அப்படியானால் அந்தக் காலுறை?”

“நான்தான்.”

“மற்ற நாள் பனியும்?”

“நான்தான், மிஸ்யூ.”

நூலகமே சிரித்தது. லவுவா சிரிக்கவில்லை. “பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன்” என்றார் மெதுவாக. “ஒருவர் என் காரைத் துடைத்ததும், இவருக்கு என்ன வேண்டும் என்றுதான் எனக்கு யோசிக்கத் தோன்றியது. இப்போது என்ன நினைப்பதென்று தெரியவில்லை.” உட்கார்ந்துவிட்டார்.

பத்திநாதர் நூலகத்துக் குளோட் பக்கம் திரும்பினார். எதையாவது புனைந்து சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வராது. “மன்னிக்க வேண்டும், மதாம். ஆறு வருடமாக உங்கள் கதவைத் தாண்டிப் போகிறேன். உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.”

“எனக்கும் உங்களைப் பற்றித் தெரியாது” என்றார் அந்த அம்மாள். பிறகு லவுவாவைப் பார்த்து, “ஆனால் என் சாப்பாட்டையெல்லாம் நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள்” என்றார்.

“கடைசிப் பெட்டியை நான் திறக்கவே இல்லை” என்றார் லவுவா. “பயமாக இருந்தது. அடுத்த நாள் திருப்பிக் கொண்டுவந்து மேலே குளிர்ப்பெட்டியில் வைத்தேன்.”

யாரோ ஓடிப்போய் எடுத்துச் சூடாக்கிக்கொண்டு வந்தார்கள். நூலகத்துக் குளோட் ஒன்றை எடுத்துக் கடித்தார். முகம் சிவந்து கண்ணில் நீர் வழிந்தது. திரேசாவின் மிளகாய்த்தூளா, வேறெதுவுமா என்று பத்திநாதரால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். குளோட் குடித்துவிட்டு, இன்னொன்று எடுத்தார்.

ஸ்நேகா பக்கத்தில் வந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள். “அங்கிள், நான் கவனிங்கன்னுதானே சொன்னேன்!”

“ஓம் பிள்ளை. கவனிச்சனான்தானே!”

அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

புறப்படும்போது மதாம் பெல்ரோஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக ஏதோ சொன்னார். ‘குழு’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அவர் “உய், மதாம், மெர்சி” என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு யோசனை வந்து, அப்போது பக்கத்தில் நின்ற ஸ்நேகாவுக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளை, நான் இப்ப எதுக்கு ஓம் எண்டு சொன்னனான்?”

“ஸ்டாஃப் கெட்-டுகெதர் குழு அங்கிள். இனிமே இந்த மாதிரி விழாவெல்லாம் நீங்களும் நூலகக் குளோட்டும் சேர்ந்துதான் நடத்தணும்.”

“நானோ? எனக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாதுல்ல. அதனாலதான் கேட்டாங்களோ என்னவோ.”

திங்கட்கிழமை நிலக்கீழ் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. லவுவா தன் சாப்பாட்டுப் பெட்டியோடு வாசலில் நின்றார். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கே உட்காரச் சொல்வது என்று இவர்களுக்கும் தெரியவில்லை. பத்திநாதர் தன் கோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையை ஒழித்துக் கொடுத்தார். லவுவா உட்கார்ந்தார்.

கணித ஆசிரியரிடம் என்ன கதைப்பது? பத்திநாதர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்துப் பார்த்தார். பிறகு, உங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

“தெரியாது” என்றார் லவுவா. “ஆனால் என் அப்பாவுக்குத் தெரியும்.”

“எந்தப் பக்கம் பிடிப்பார்?” என்று பத்திநாதர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.