தோட்டக்காரன் சொன்ன இரண்டு நாட்கள்

அந்தக் கணினி விளையாட்டு ஆறு சிடிகளில் இருந்தது. ஜெர்மனியில் நாங்கள் இருந்த பீலெஃபெல்ட் நகரின் பழம்பொருள் சந்தையில் அப்பா வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் எண்ணிப் பார்த்தேன்; இரண்டில் கீறல். எண்ணுவது எனக்கு அப்போதே வியாதி.

கேலிச்சித்திர மனிதர்கள் இல்லை, நிஜ நடிகர்களைப் படம்பிடித்திருந்தார்கள். ஒரு மாளிகையில் கொலை. துப்பறிபவர் நாங்கள். சந்தேக நபர்கள் ஏழு பேர். கேள்வியைத் தெரிவு செய்தால் நேரே எங்கள் முகத்தைப் பார்த்து ஜெர்மனில் மறுமொழி சொல்வார்கள்.

ஞாயிறு பின்னேரங்களில் சித்தப்பா அகதி முகாமிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்காருவார். இலங்கையிலிருந்து வந்து பதினான்கு மாதங்கள். அகதி விண்ணப்பத்துக்கான இரண்டு விசாரணைகள் முடிந்து, முடிவுக்குக் காத்திருந்தார். பாஷை பழகத்தான் பார்க்கிறார் என்றாள் அம்மா.

ஏழு பேரில் ஒருவனான தோட்டக்காரன், செத்தவரைக் கடைசியாகக் கண்ட நாள் எது என்று கேட்டதற்கு முதலில் செவ்வாய் என்றான். மூன்றாவது சிடியில் அதே கேள்விக்குப் புதன் என்றான். நெற்றி வியர்த்திருந்தது.

"ரெண்டு நாள் சொல்லிப்போட்டான். இவன்தான் கொலைகாரன், சித்தப்பா."

"இல்லையடா. பயத்தில நாள் மாறியிருக்கும். திருப்பி ஒருக்காக் கேள்."

ஒரு சிடியில் ஒரு தரத்துக்கு மேல் கேட்க ஏலாது, அதுதான் சட்டம் என்று பத்து வயதுப் பெருமையோடு சொல்லிக் கொடுத்தேன். ஆனால் சேவ் பண்ணிய இடத்துக்குத் திரும்பிப் போய், பிழையைத் திருத்தலாம். எத்தனை தரமும் போகலாமோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

தோட்டக்காரனையே பிடித்துக் கொடுத்தேன். நிரபராதி சிறைக்குப் போனான் என்று திரையில் எழுத்து வந்தது. நான் சிரித்தேன். சித்தப்பா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான்கு ஞாயிறு கழித்துச் சித்தப்பாவின் விண்ணப்பத்துக்கு முடிவுக் கடிதம் வந்தது. அப்பா இரண்டு தரம் வாசித்தார். ஊரில் பெரியப்பாவை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனது ஆவணியில். சித்தப்பா ஒரு விசாரணையில் ஆகஸ்ட் என்றும் மற்றதில் செப்டம்பர் என்றும் சொல்லியிருந்தார். வாக்குமூலம் முரண்படுகிறது, விண்ணப்பம் நிராகரிப்பு. ஆவணி இரண்டு மாதத்திலும் விழுமே என்று அப்பா விரல்விட்டு எண்ணிக் காட்டினார், அம்மாவுக்கு. வேறு யாருக்குக் காட்டுவது?

வழக்கறிஞரிடம் போனார்கள். பலிக்கவில்லை. சித்தப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு நான் மூன்றாவது சிடியைப் போட்டு, தோட்டக்காரனின் அறை வாசலில் சேவ் பண்ணி வைத்தேன். இந்தமுறை கேள்வியைச் சித்தப்பாவே தெரிவு செய்யட்டும் என்று. ஒன்பது ஞாயிறு வேறு யாரையும் அதைத் தொடவிடவில்லை. திருப்பி அனுப்புவது என்றால், தொடங்கிய இடத்துக்குப் போய் மறுபடி வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.